கடல் கடக்கும் உரிமை



கடவுச்சீட்டு என்பது கைக்கு அடக்கமான ஒரு சிறு புத்தகம். ஆயினும், ஓரிரு அண்டை நாடுகள் நீங்கலாக, அஃது இல்லாதவனைக் கப்பலும் ஏற்றாது, விமானமும் ஏற்றாது. அயல்நாட்டுப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்த மாணவனுக்கும், வாணிகத்தின் பொருட்டுக் கடல் கடக்க வேண்டியவனுக்கும் அதுவே திறவுகோல். அத்திறவுகோலை வைத்திருக்கும் அரசாங்கம், "உனக்குத் தருவதற்கில்லை" என்று கூறிவிட்டால் என் செய்வது? அவ்வாறு கூறும் அதிகாரம் எல்லையற்றதா?

நாம் குடியரசான பின்னரும், 1967 வரையில், குடிமக்களுக்குக் கடவுச்சீட்டு வழங்குவதை ஒழுங்குபடுத்தும் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அஃது இந்தியாவினுள் நுழைவோரைப் பற்றியதே. யாருக்கு வழங்குவது, யாரிடமிருந்து திரும்பப் பெறுவது என்பனவெல்லாம் ஆட்சியாளரின் விருப்பத்தையே பொறுத்திருந்தன.

அந்நிலையில், மோட்டார் உதிரிப் பாகங்களின் வாணிகத்தில் ஈடுபட்டிருந்த ஒருவரிடம், கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தருமாறு அரசாங்கம் கேட்டது. ஏற்றுமதி இறக்குமதிச் சட்டத்தை அவர் மீறினார் என்ற புகார் விசாரணையில் இருந்தது. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1967 ஏப்ரல் 10-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஐவருள் இருவர், கடவுச்சீட்டு அரசியல் தன்மை வாய்ந்த பத்திரம் என்றும், அதைக் கேட்டுப் பெறும் உரிமை எவர்க்கும் இல்லை என்றும் கருதினர். தலைமை நீதிபதி சுப்பா ராவ் உள்ளிட்ட மூவர் அதனை ஏற்கவில்லை. அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதி காக்கும் தனிமனித சுதந்திரத்தில் வெளிநாடு செல்லும் உரிமையும் அடங்கும். சட்டத்தின் துணையின்றி அதனைப் பறித்தல் ஆகாது என்றனர் அவர்கள்.

இத்தீர்ப்பின் விளைவாக, அவ்வாண்டிலேயே கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, நிலுவையிலுள்ள குற்ற வழக்கு, பொதுமக்கள் நலன் என மறுப்புக்குரிய காரணங்களை அது வரிசைப்படுத்தியது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால் தர வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, பொதுமக்கள் நலன் போன்றவற்றை முன்னிட்டு மட்டுமே தர மறுக்கலாம் என்றும் விதித்தது.

அவ்விலக்கே அடுத்த வழக்குக்கு வித்தாயிற்று. 1977 ஜூலையில், மேனகா காந்தி தம் கடவுச்சீட்டை ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. காரணம் கேட்டார், பொதுமக்கள் நலன் கருதிக் கூறுவதற்கில்லை என்ற விடையே கிடைத்தது. இம்முறை சட்டம் இருந்தது. சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்பதே கேள்வி. 1950-இல் ஏ. கே. கோபாலன் வழக்கில், சட்டம் வகுத்த நடைமுறை எதுவாயினும் போதும் என்ற கருத்தே மேலோங்கியிருந்தது. 1978 ஜனவரி 25-இல் ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் தீர்ப்பளித்தபோது, பெரும்பான்மையோர் அக்கருத்தைக் கடந்து சென்றனர். நடைமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும். பாதிக்கப்படுபவரின் சொல்லைக் கேட்டல் வேண்டும். அவசரமாயின், கடவுச்சீட்டைக் கைப்பற்றிய பின்னரேனும் காலம் தாழ்த்தாது கேட்டல் வேண்டும் என்றனர். அவ்வாறு கேட்பதாக அரசாங்கம் உறுதி கூறியமையால், நீதிமன்றம் அவ்வாணையை நீக்கவில்லை.

குற்றம் புரிந்தவன் தப்பியோடவும் இவ்வுரிமை இடம் தருமோ என்று சிலர் ஐயுறலாம். தராது. குற்றவாளியைத் தடுக்கும் அதிகாரம் அரசாங்கத்திடம் இன்றும் உண்டு. ஆனால் தடுப்பவர், எச்சட்டத்தின்படி, எக்காரணத்தால், யாருடைய சொல்லைக் கேட்டபின் தடுத்தோம் என்பதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர். நாளை உங்களுள் சிலர் கடவுச்சீட்டு வேண்டி விண்ணப்பிப்பீர்கள். சிலர் அவ்விண்ணப்பத்தின்மீது ஆணையிடும் ஆசனத்தில் அமர்வீர்கள். மேசையின் எப்பக்கத்தில் இருப்பினும் இம்மூன்று கேள்விகளையும் மறவாதிருங்கள்.