ரெய்னி ஆஸ்பத்திரி சொல்லும் கிறிஸ்தவம்

கிறிஸ்தவருக்கு அடையாளம் எது? கழுத்துச் சிலுவையா, ஞாயிறு ஆராதனையா? ராயபுரத்தை ஒட்டிய பழைய வண்ணாரப்பேட்டையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

1888இல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்தார் டாக்டர் மெட்டில்டா மெக்பெயில். ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கிய பெண்களுக்காகச் சிறிய மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். அந்தப் பணி வளர்ந்து, 1914இல் ரெய்னி மருத்துவமனை ஆனது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவர் சென்னையில் உழைத்தார். 'நான் ரெய்னி ஆஸ்பத்திரியில பொறந்தவன்' என்று சொல்பவர்கள் வடசென்னையில் எல்லா மதத்திலும் உண்டு.

நோயாளிக்குச் செய்வது தனக்கே செய்வது என்றார் இயேசு. அதை நம்பி நடப்பவரே கிறிஸ்தவர். உங்கள் தெருவில் நோயுற்றிருப்பவரை, அவர் எந்த மதத்தவரானாலும், இன்றே போய்ப் பாருங்கள்.