சஹனில் உட்காராத பிள்ளை

(மக்தப் பெற்றோர் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

மக்தப் பெற்றோர் கூட்டம் என்றால் பிள்ளைகளின் ஓதலைப் பற்றியும் வருகையைப் பற்றியும் பேசுவதே நமது வழக்கம். இன்று சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். இதற்கு இந்த மேடை எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். சொல்லி முடித்த பின் தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

நமது ஊர் வலீமா ஒன்றில் நடந்தது இது. ஏழு வயதுப் பையன் ஒருவன், தன் வாப்பாவுடன் வந்து பந்தலின் ஓரத்தில் அமர்ந்திருந்தான். கையில் ஒரு சிறு டப்பா. அதில் ரஸ்க்கும் முறுக்கும். நெய்ச்சோறும் களறிக் கறியும் கத்தரிக்காய் மாங்காயும் மணக்கும் இடத்தில் ஒரு பிள்ளை ரஸ்க் தின்பதா என்று பெரியவர் ஒருவருக்கு மனம் பொறுக்கவில்லை. பிள்ளையை இழுத்துச் சஹனில் உட்கார வைத்து, கறியில் பிசைந்த ஒரு கவளத்தை வாயில் வைத்து விட்டார். அன்பினால்தான் வைத்தார், அதில் நமக்கு ஐயமில்லை. அடுத்த நொடி பிள்ளை அந்தச் சஹனிலேயே வாந்தி எடுத்தான். காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். தலையைத் தூணில் மோதிக்கொண்டான். “என்ன பிள்ளை வளர்ப்பு இது?” என்று நான்கு பக்கமிருந்தும் குரல் எழுந்தது. தகப்பனார் ஒரு வார்த்தையும் பேசாமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அதன் பிறகு அந்தக் குடும்பத்தார் ஜமாஅத்தின் எந்த விருந்துக்கும் வரவில்லை.

அந்தப் பெரியவரைக் குறை கூற நமக்கு அருகதை இல்லை. ஏனெனில், அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் நாம் செய்தது அதைவிடப் பெரிய தவறு. அந்தப் பிள்ளையின் தாய்மாமன் அவனை நம்மிடம் ஓதிப் பார்க்க அழைத்து வந்தார். ஓதினோம், தண்ணீரில் ஊதிக் கொடுத்தோம். அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். “பசி ருசி அறியாது. இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் விடுங்கள், தானாகச் சாப்பிடுவான்” என்று யோசனையும் சொல்லி அனுப்பினோம். இமாம் சொல்லிவிட்டாரே என்று அவர்கள் அப்படியே செய்தார்கள். பிள்ளை சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் இரவு தண்ணீரும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் மருத்துவமனையில் சேர்த்து நரம்பின் வழியே திரவம் ஏற்ற வேண்டியதாயிற்று. விசாரிக்கப் போன நம்மிடம் அந்தத் தகப்பனார் கோபப்படவில்லை. “ஹஸ்ரத், அவனுக்குப் பசி இல்லாமலில்லை. பசிக்கு அழுகிறான். வாயில் வைக்கத்தான் முடியவில்லை” என்று மட்டும் சொன்னார். அவரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டோம். இன்று உங்கள் அனைவர் முன்பும் அதை ஒப்புக்கொள்கிறோம். அறியாத ஒன்றில் அறிந்தவர்களிடம் கேளுங்கள் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. கேட்காமல் பேசினோம்.

அதன் பின்னரே மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் சிலவற்றை அறிந்துகொண்டோம்.

அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஆட்டிசம். 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கேனர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து எழுதிய கட்டுரையின் மூலம் இது மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. அந்த முதற் கட்டுரையிலேயே, அக்குழந்தைகளில் பலருக்கு உணவூட்டுவது பெரும்பாடாக இருந்ததையும், உரத்த ஓசைகளுக்கு அவர்கள் அஞ்சியதையும் அவர் குறித்திருக்கிறார். எனினும் நெடுங்காலம் பேச்சு, பழக்கவழக்கம் ஆகியவற்றிற்கே முதன்மை தரப்பட்டது. ஒலி, ஒளி, தொடுகை, மணம், சுவை ஆகியவற்றை அளவுக்கு மிஞ்சியோ குறைத்தோ உணர்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்று என்பது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இடம்பெற்றது.

நமது அரசுத் தாள்கள் சிலவற்றில் இதற்குப் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்று பெயர் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரை நினைத்தால் நமக்குச் சற்று வருத்தமே. புற உலகம் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமலில்லை. அது அவர்கள் மீது அளவுக்கு அதிகமாக வந்து விழுகிறது.

சோறு உண்ணும்போது பல்லில் கல் கடிபட்டால் நாம் என்ன செய்கிறோம்? கீரையில் மணல் நெறுநெறுத்தால், குழம்பில் முடி கிடந்து நாக்கில் சுற்றினால், விழுங்க முடிகிறதா? உடல் தானாகவே உமிழ்ந்து விடுகிறது. அது பிடிவாதமன்று. சமைத்தவளை அவமதிப்பதுமன்று. வெண்டைக்காயின் வழுவழுப்பும், தக்காளித் தோலும், கறியின் நாரும் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த முடியைப் போன்றவை. சுவை நன்றாக இருப்பதால் மட்டும் பயனில்லை. வாய்க்குள் அது எப்படி உணரப்படுகிறது என்பதே கேள்வி.

இங்கே நமது நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது உயிர். ஆனால் அதன் அமைப்பை எண்ணிப் பாருங்கள். பாதி கரைந்த அரிசி, குழைந்தும் குழையாமலும் பருப்பு, இடையிடையே கொத்துக்கறி, வெந்தயம், வதங்கிய வெங்காயம், புதினா இலை. ஒவ்வொரு வாயிலும் வேறு வேறு பொருள் தட்டுப்படும். அடுத்த வாயில் என்ன வரும் என்று தெரியாது. ஒரு பிள்ளையின் நாக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே பெரிதாக்கிக் காட்டுமானால் அந்தக் கஞ்சி எப்படி இருக்கும்? மாறாக, கடையில் வாங்கும் ரஸ்க் என்றும் ஒரே மாதிரி நொறுங்கும். நேற்றைய ரஸ்க்கும் இன்றைய ரஸ்க்கும் ஒன்றே. வாழைப்பழம் அப்படியன்று; இன்று கெட்டியாக இருக்கும், நாளை குழைந்துவிடும். ரஸ்க் டப்பாவை அந்தப் பிள்ளை ஏன் விடாமல் பிடித்திருந்தான் என்பது நமக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லாப் பிள்ளைகளும் இவ்வாறே என்று எண்ண வேண்டாம். சிலர் மொறுமொறுப்பை மட்டும் விரும்புவர். சிலர் மசித்ததை மட்டும் உண்பர். வெள்ளை நிறச் சோறும் தயிரும் தவிர வேறெதையும் தொடாதவரும் உண்டு. சோற்றில் குழம்பு பட்டுவிட்டால் அந்தத் தட்டையே ஒதுக்குவோரும் உண்டு. இதற்கு நேர்மாறாக, உணர்ச்சி மந்தமாக இருப்பதால் வாய் கொள்ளாமல் திணித்துக்கொள்ளும் பிள்ளைகளும், சட்டைக் காலரையும் பென்சிலையும் எந்நேரமும் மெல்லும் பிள்ளைகளும் உள்ளனர். பசியையே சரியாக உணராதவர்களும் உண்டு. ‘பட்டினி போட்டால் சாப்பிடுவான்’ என்ற நமது கணக்கு தவறிய காரணங்களுள் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 70 பேர் அளவில் வழக்கத்திற்கு மாறான உணவுப் பழக்கம் காணப்பட்டது. மற்றக் குழந்தைகளில் அது நூற்றுக்கு 5 பேர் அளவே.

இதைச் சொல்வதால், பிள்ளை எதைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் விட்டுவிடுங்கள் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளக் கூடாது. பழமும் காய்கறியும் அறவே உண்ணாத ஆட்டிசப் பிள்ளைகள் சிலருக்கு வைட்டமின் சி குறைவால் ஸ்கர்வி நோய் வந்து, கால் வலியால் நொண்டி, நடப்பதையே நிறுத்திவிட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு வந்த நோய் அது! எனவே உணவு வகைகள் குறைந்துகொண்டே போனாலோ, எடை குறைந்தாலோ, பிள்ளை நடக்க மறுத்தாலோ மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள். மருத்துவரிடம் அவன் உண்பவற்றின் பட்டியலை எழுதிக் கொடுங்கள். பல்வலி, மலச்சிக்கல், தொண்டையில் கோளாறு ஆகியவை இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத பிள்ளை சாப்பிட மறுப்பதன் மூலமே அவற்றைச் சொல்லக்கூடும்.

இப்பிள்ளைகளுக்கு உணவைப் பழக்குவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆக்குபேஷனல் தெரபி நிபுணர்கள் உள்ளனர். அவர்கள் கையாளும் முறை நமது மக்தபில் அலிஃப், பே சொல்லிக் கொடுப்பதைப் போன்று மெதுவானது. உண்ணும் உணவிலிருந்து ஒரே ஒரு படி மட்டும் தள்ளி இன்னொன்றை வைப்பது. முதலில் தட்டுக்கு அருகில் இருந்தால் போதும், பிறகு தொட்டால் போதும், பிறகு முகர்ந்தால் போதும் என்று செல்வது. வாரக்கணக்கில் ஆகும். தாய்மார்களுக்கு ஒன்று: பிள்ளை விரும்பி உண்ணும் அந்த ஓர் உணவில் மருந்தை ஒளித்துக் கொடுக்காதீர்கள். கண்டுகொண்டால் அந்த உணவையும் அவன் விட்டுவிடுவான். பிறகு எதைக் கொடுப்பீர்கள்?

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். “அல்லாஹ் கொடுத்த ரிஸ்க்கை ஒதுக்குவது நன்றி கெட்ட செயல் அல்லவா?” என்று அந்த வலீமாவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். பொரித்த உடும்பு அண்ணலார் முன் வைக்கப்பட்டது. அது இன்னதென்று அறிந்ததும் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் கேட்க, இல்லை, நம் சமூகத்தார் வாழும் பகுதியில் இது இல்லை, ஆகவே மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதிலளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்ண, அண்ணலார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஹலாலான ஓர் உணவு ஒருவருக்கு ஒப்பாமல் போகலாம் என்பதற்கும், அவரை வற்புறுத்தாமல் மற்றவர் உண்ணலாம் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அண்ணலார் எந்த உணவையும் குறை கூறியதில்லை; விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பதும் அவ்விரு நூல்களில் உள்ள செய்தியே.

சஹனில் சேர்ந்து உண்பது நமது ஊரின் அழகிய வழக்கம். அதில் பரக்கத் உண்டு. ஆயினும் சூரா அந்நூரின் 61ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அந்த வசனம் உண்பதைப் பற்றியதே. சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்று அதே வசனம் கூறுகிறது. பல்லாண்டுகளாக அதை ஓதி வருகிறோம். பந்தலின் ஓரத்தில் தனித்து அமர்ந்த ஒரு பிள்ளையோடு சேர்த்து அதை எண்ணிப் பார்க்க நமக்கு இத்தனை காலம் ஆயிற்று.

நோன்பு திறப்பதிலும் அவ்வாறே. பேரீச்சம்பழத்தின் பிசுபிசுப்பு தாளாத பிள்ளையின் வாயில் அதைத் திணிக்க வேண்டாம். பேரீச்சம்பழம் இல்லாதபோது சில மிடறு தண்ணீரால் திறந்ததும் நபிவழியில் உள்ளதுதான். வயது வந்த ஆட்டிசம் உள்ளவர்களின் நோன்பு, தொழுகை பற்றிய சட்டம் ஆளுக்கு ஆள் வேறுபடும். குர்ஆனை மனனம் செய்தவர்களும் அவர்களில் உண்டு. பேச்சே வராதவர்களும் உண்டு. தனியே வந்து கேளுங்கள், விவரம் அறிந்து சொல்கிறோம்.

பள்ளிவாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின், தம் சிறுவயதில் பள்ளிக்கூட மணியோசை பல் மருத்துவரின் கருவி நரம்பில் பட்டதைப் போல வலித்தது என்று விவரித்திருக்கிறார். நமது ஒலிபெருக்கி சில வேளைகளில் கீச்சிடுவதை நீங்கள் அறிவீர்கள். முஅத்தின் அவர்களும் அறிவார். தோளோடு தோள் சேரும் ஸஃப்பு, அத்தர் மணம், சுழலும் மின்விசிறி எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு பிள்ளையின் மீது விழுகின்றன. அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினால் முறைத்துப் பார்க்காதீர்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையையே சுருக்கிய நபியின் உம்மத்தினர் நாம்.

நிர்வாகக் குழுவினருடன் கலந்து பேசி முடிவு செய்தவற்றை அறிவித்து விடுகிறோம். வரும் ரமளானில் இஃப்தாருக்குக் கஞ்சியுடன், கஞ்சி குடிக்க இயலாத பிள்ளைகளுக்கெனக் கலக்காத வெறும் சோறும் ரஸ்க்கும் தனியே வைக்கப்படும். மத்ரஸாவின் மேற்கு அறை ஒலிபெருக்கி இணைப்பு நீக்கப்பட்டு, இப்பிள்ளைகளும் அவர்களை அழைத்து வருவோரும் அமர்வதற்கு ஒதுக்கப்படும். நிக்காஹ் மண்டபத்திற்கு வீட்டிலிருந்து உணவு கொண்டுவருவதை எவரும் தடுக்கவோ, ஏன் என்று கேட்கவோ கூடாது என்று மண்டபப் பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் கொடுக்கப்பட்டுள்ளது. ஆட்டிசம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அடையாள அட்டை பெறாத குடும்பத்தினர் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுத உதவி பெறலாம், கட்டணம் இல்லை.

அந்தத் தகப்பனாரின் வீட்டுக்குச் சென்ற வாரம் சென்றிருந்தோம். பையன் இப்போது வறுத்த அப்பளமும் சேர்த்து உண்கிறானாம். ரமளான் முதல் நாள் இஃப்தாருக்கு வருமாறு அழைத்திருக்கிறோம். பார்க்கலாம் என்றார். வந்தால், அவர்கள் பாட்டுக்கு அமர விடுங்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று எவரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.