கேட்கப்படாத சொல்: கமலாம்பாளின் மௌனம்



கொடைக்கானலுக்கு ஏறும் சாலை வத்தலக்குண்டைக் கடந்து பழனி மலைத்தொடருக்குள் நுழைகிறது. பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா ஆகியோராலும் பின்னாளில் பெயர் பெற்ற அந்த அடிவார ஊரில் 1872ஆம் ஆண்டு பிறந்தவர் பி. ஆர். ராஜம் ஐயர். அவருடைய ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வெளிவந்து, 1896இல் நூலாயிற்று. ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பது அந்நாவலின் மற்றொரு பெயர். ஒன்று பெண்ணின் பெயர். மற்றொன்று அவள்மீது சுமத்தப்பட்ட பழியின் பெயர். பெண்ணிய மறுவாசிப்பு தொடங்க வேண்டிய இடம் இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட வெளியேயாகும்.

கமலாம்பாள் இயல்பிலேயே வாய்பேசாதவள் அல்லள். மகள் லட்சுமியின் கல்யாணத்தைப் பற்றிக் கணவர் முத்துஸ்வாமி ஐயரோடு அவள் உரையாடுகையில் கேலியும் உரிமையும் கலந்து ஒலிக்கின்றன. அத்தகையவள்மீது அபவாதம் எழுகிறது. வெளியூர் சென்றிருந்த கணவர் அதனை நம்புகிறார். வீடு திரும்பி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அழுவதற்கும் இறைவனிடம் முறையிடுவதற்கும் நாவலில் இடமுண்டு. பழிக்கு மறுமொழி கூற இடமில்லை. மௌனம் என்பது இங்கே பேச்சின்மை அன்று, கேட்பாரின்மை.

நாவலில் பெண்கள் பேசவே இல்லையா என்ற வினா எழலாம். பேசுகிறார்கள். ஊர்ப் பெண்களின் அரட்டைக்கு ‘வம்பர் மகாசபை’ என்றே ஆசிரியர் பெயர் சூட்டி நகைக்கிறார். ஆனால் பெண்கள் கூடிப் பேசினால் வம்பு, தனித்து நின்றால் புலம்பல் என்ற இரண்டே வகைகள் எஞ்சுகின்றன. வதந்தி நாவில் பிறக்கலாம். அதற்கு உயிர் கொடுப்பது செவி. இங்கே அந்தச் செவி, கல்வியும் விவேகமும் உடைய ஓர் ஆணின் செவி என்பது கவனத்திற்குரியது.

துன்புற்ற ஆன்மா அமைதி எய்துவதே தமது நோக்கம் என்பதை ஆசிரியரே நூலின் முடிவில் உணர்த்துகிறார். அவ்வாறாயின், எவருடைய ஆன்மா? முத்துஸ்வாமி ஐயரின் துயரம் குருவின் அருளால் ஞானமாகிறது. கமலாம்பாளின் துயரத்திற்குக் கிடைப்பதோ குற்றமற்றவள் என்னும் சான்றிதழ். தம்பதியர் மீண்டும் சேர்கின்றனர். “ஏன் என்னைக் கேட்கவில்லை?” என்று அவள் வினவியிருக்க வேண்டிய இடத்தை வேதாந்தத்தின் பேரமைதி மூடிவிடுகிறது.

இதனைக் காலத்தின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே ‘விவேக சிந்தாமணி’யில் 1892இல் அ. மாதவையா ‘சாவித்திரி சரித்திரம்’ என்னும் தொடரைத் தொடங்கினார். பெண்ணொருத்தி தன் கதையைத் தானே கூறும் அத்தொடர் இடையில் நின்றுபோய், 1903இல்தான் ‘முத்துமீனாக்ஷி’ என நூலுருப் பெற்றது. பேசிய பெண்ணின் கதை நின்றது. பேசாத பெண்ணின் கதை நிறைவெய்தியது. இந்த வேறுபாடு தமிழ் நாவலின் பிறப்போடு கலந்தது.

இவ்வாறு கூறுவது ராஜம் ஐயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகாது. தொடரைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்றை ஒட்டியிருந்தது. 1898இல் இருபத்தாறு வயதிலேயே மறைந்தார். அபவாதம் ஒரு குடும்பத்தை எவ்வாறு குலைக்கும் என்பதை அவரைப் போல் காட்டியவர் அந்நாளில் அரியர். கமலாம்பாள் குற்றமற்றவள் என்பதை வாசகர் தொடக்கம் முதலே அறியுமாறு எழுதியவரும் அவரே. அந்த அறிவே வாசகருக்கு ஒரு கடமையையும் விதிக்கிறது: கணவர் கேட்காத கேள்வியை வாசகர் கேட்டாக வேண்டும்.

ஒரு பெண்ணைப் பற்றிய சொல் ஊரைச் சுற்றி முடிந்த பின்னரும் அவளுடைய சொல் வாசற்படியைத் தாண்டாத நிலை இன்றும் மறைந்துவிடவில்லை. அது மறையும் வரை, மலையடிவாரத்தில் பிறந்த இந்தப் பழைய நாவல் பழையதாகிவிடாது.