காகிதத்தில் போன நிலம்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட சிந்தனை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நாடு தன் அண்டை நாட்டின் நிலத்தை எப்படி விழுங்குகிறது? பீரங்கியோடு வருகிறது, சுடுகிறது, பிடித்துக்கொள்கிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். பீரங்கி நடுவில்தான் வருகிறது. அதற்கு முன்னாலும் காகிதம், பின்னாலும் காகிதம். 1846 முதல் 1848 வரை அமெரிக்கா மெக்ஸிகோ மீது நடத்திய போரை இதற்குச் சான்றாக உங்கள் முன் வைக்கிறேன்.

குடியேற வந்தவர்கள்

1821-இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது மெக்ஸிகோ. இன்று அமெரிக்காவில் இருக்கும் கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்ஸிகோ, டெக்ஸாஸ் ஆகியவை அன்று மெக்ஸிகோவின் வசம் இருந்தன. டெக்ஸாஸில் ஆள் குறைவு. எனவே அமெரிக்கர்கள் அங்கே குடியேற அனுமதி வழங்கப்பட்டது. மெக்ஸிகோவின் குடிமக்களாக வேண்டும், அதன் சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டும், கத்தோலிக்க மதத்தை ஏற்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஸ்டீபன் ஆஸ்டின் தலைமையில் முதல் குடும்பங்கள் வந்து இறங்கின.

நிபந்தனைகள் காகிதத்தில் இருந்தன. அவற்றைக் கண்காணிக்க ஆள் இல்லை. வந்தவர்கள் அடிமைகளையும் கூட்டி வந்து பருத்தி பயிரிட்டார்கள். 1829-இல் அதிபர் விசென்டே குரேரோ அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டபோது, எதிர்ப்புக் கிளப்பி டெக்ஸாஸுக்கு விலக்கு வாங்கிக்கொண்டார்கள். மெக்ஸிகோ விழித்துக்கொண்டு 1830-இல் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதற்குள் அங்கிருந்த மெக்ஸிகோ மக்களைவிட வந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள்!

மெக்ஸிகோவின் தவறும் இதில் உண்டு. தளபதி சாண்டா அன்னா, மாநிலங்களுக்கு உரிமை தந்த 1824 அரசியல் சட்டத்தை ஒதுக்கிவிட்டு, அதிகாரம் முழுவதையும் தலைநகரில் குவித்தார். கலகத்திற்கு அது வழிவிட்டது. 1836 ஏப்ரலில் சான் ஹசிந்தோவில் தோற்றுச் சிறைப்பட்டார். கைதியாக இருந்த நிலையில் அவரிடம் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கினார்கள். கைதியின் கையெழுத்து எங்களைக் கட்டுப்படுத்தாது என்று மெக்ஸிகோ அரசு நிராகரித்தது. ஆனால் அந்தக் காகிதம் சாகவில்லை. பத்தாண்டுகள் கழித்து எழுந்து வந்தது.

இரண்டு ஆறுகள்

1845-இல் அமெரிக்கா டெக்ஸாஸைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கண்டம் முழுவதும் பரவுவது தங்களுக்கு இறைவன் விதித்த விதி என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதிய காலம் அது.

டெக்ஸாஸின் எல்லை எது? நுவேசஸ் ஆறு என்றது மெக்ஸிகோ. அதற்குத் தெற்கே வெகுதூரத்தில் ஓடும் ரியோ கிராண்டே என்றது அமெரிக்கா. அதற்கு அமெரிக்கா காட்டிய ஆதாரங்களில் ஒன்று எது தெரியுமா? சிறையில் வாங்கிய அதே கையெழுத்துதான்!

அதிபர் ஜேம்ஸ் போல்க்கின் கண் கலிபோர்னியாவின் துறைமுகங்கள் மீது இருந்தது. முதலில் விலை பேச ஜான் ஸ்லைடல் என்பவரைத் தூதராக அனுப்பினார். மெக்ஸிகோ அவரை ஏற்கவில்லை. அடுத்து, தளபதி டெய்லரின் படையை இரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட தகராறு நிலத்துக்குள் அனுப்பினார். 1846 ஏப்ரல் 25 அன்று அங்கே மோதல் நடந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டார்கள். எங்கள் மண்ணில் எங்கள் ரத்தம் சிந்தப்பட்டது என்று நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் முழங்கினார் போல்க். மே 13-இல் போர் அறிவிக்கப்பட்டது.

வியாபாரப் பெருமக்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மோதல் செய்தி வாஷிங்டனை எட்டும் முன்பே, மே 9 அன்று, போர் கேட்பதென்று போல்க்கின் அமைச்சரவை பேசி முடித்திருந்தது. அப்போது கையில் இருந்த காரணங்கள் இரண்டு. ஒன்று, தூதரை ஏற்க மறுத்தது. மற்றொன்று, அமெரிக்கக் குடிமக்களுக்கு மெக்ஸிகோ தர வேண்டியிருந்த இழப்பீட்டு பாக்கி. ஆம், கடன் பாக்கி! தீர்க்காமல் விட்ட கணக்கு, வலியவன் கையில் ஆயுதமாகிவிடுகிறது.

எதிரி வாசலில், சண்டை வீட்டுக்குள்

1847 மார்ச்சில் தளபதி ஸ்காட்டின் படை வெராகுரூஸ் கரையில் இறங்கி நகரைக் குண்டுகளால் துளைத்தது. அந்த நேரத்தில் மெக்ஸிகோ தலைநகரில் என்ன நடந்துகொண்டிருந்தது? போர்ச் செலவுக்காகத் தேவாலயச் சொத்துக்களை எடுப்பதா என்ற தகராறில், பிப்ரவரி இறுதியிலேயே அந்நாட்டுப் படைப் பிரிவுகள் தங்கள் அரசுக்கு எதிராகவே தெருவில் இறங்கியிருந்தன. செப்டம்பர் 14-இல் தலைநகர் வீழ்ந்தது.

1848 பிப்ரவரி 2 அன்று குவாதலுப்பே ஹிடால்கோ உடன்படிக்கை கையெழுத்தானது. டெக்ஸாஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்ஸிகோ தன் நிலத்தில் பாதிக்கும் மேல் இழந்தது. பெற்றது ஒன்றரைக் கோடி டாலர். போருக்கு முன் பேச வந்த விலை இதைவிட அதிகம்! கையெழுத்துக்கு ஒன்பது நாள் முன்புதான் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டிருந்தது. கையெழுத்திட்டவர்களுக்கு அது தெரியாது.

சட்டத்தின் பெயரால்

நாட்டின் நிலம் போயிற்று. குடிமக்களின் நிலம்? அவர்களின் சொத்துரிமை மதிக்கப்படும் என்று உடன்படிக்கை உறுதி கூறியது. ஆனால் பழைய நில மானியங்களைக் காக்கும் 10-ஆவது பிரிவை அமெரிக்க செனட் அடித்துவிட்டுத்தான் ஒப்புதல் தந்தது.

1851-இல் கலிபோர்னியாவுக்கு ஒரு நிலச் சட்டம் வந்தது. நில உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் இரண்டாண்டுக்குள் ஆணையத்தின் முன் உரிமையை நிரூபிக்க வேண்டும். தவறினால் நிலம் அரசுடையது. மாடு மேய்த்த குன்றையும் ஓடையையும் எல்லையாகச் சொல்லி வாங்கிய பழைய ஸ்பானிய ஆவணங்களோடு, புரியாத மொழியில் நடந்த விசாரணைக்கு மக்கள் அலைந்தார்கள். 800-க்கும் மேற்பட்ட மனுக்கள். பெரும்பாலானவை இறுதியில் ஏற்கப்பட்டன. ஆனால் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. வக்கீல் கட்டணத்துக்கும் வட்டிக்கும் நிலத்தை விற்றவர்கள் பலர். தீர்ப்பு வந்தபோது நிலம் கையில் இல்லை!

மரியானோ வயெஹோ என்பவர் கலிபோர்னியாவின் பெரும் செல்வந்தர். அமெரிக்க ஆட்சி வந்தால் நல்லது என்று எண்ணியவர். 1849-இல் கலிபோர்னியாவின் அரசியல் சட்டத்தை வகுத்த அவையிலும் அமர்ந்தவர். அவருடைய சொஸ்கோல் மானியத்தை 1862-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பரந்த சொத்தில் சிறு பகுதியே மிஞ்ச, 1890-இல் மறைந்தார். வென்றவரோடு சேர்ந்து நின்றவருக்கே இந்த நிலை என்றால், சாதாரண விவசாயி எம்மாத்திரம்?

நியாயத்தின் குரல்

சகோதரர்களே! ஓர் அரசு செய்த அநீதிக்காக ஒரு மக்கள் கூட்டத்தையே வெறுத்துவிடக் கூடாது. ரத்தம் சிந்திய அந்த இடம் எது, காட்டுங்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார் ஓர் இளம் உறுப்பினர். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். 1848 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை, இது அதிபர் தேவையின்றித் தொடங்கிய போர் என்று 85-க்கு 81 என்ற வாக்கில் கண்டித்தது. வரி கட்ட மறுத்து ஓரிரவு சிறையிருந்த எழுத்தாளர் தோரோ, அந்தப் போரைத் தம் மறுப்புக்கு ஒரு காரணமாக்கினார்.

அநீதி அங்கேயே முடிந்துவிடவும் இல்லை. புதிய நிலத்தில் அடிமை முறை உண்டா இல்லையா என்ற தகராறு முற்றி, 1861-இல் அமெரிக்கர்களே அமெரிக்கர்களைக் கொன்று குவிக்கும் உள்நாட்டுப் போராக வெடித்தது. பிறன் நிலத்தை விழுங்கியவன் வயிற்றில் அது நெருப்பாக எரிந்தது.

இளைஞர்களே! படைபலம் இல்லாதவனுக்கும் ஒரு பலம் உண்டு, அது விழிப்பு. எழுதிய நிபந்தனை நிறைவேறுகிறதா என்று பார்ப்பதும், உரிமைக்கான ஆவணத்தை ஒழுங்காக வைத்திருப்பதும், சட்டத்தின் மொழியைக் கற்பதும், வாசலில் ஆபத்து நிற்கும்போது வீட்டுச் சண்டையை ஒத்திவைப்பதும் அந்த விழிப்பில் அடங்கும். இவற்றைத் தவறவிட்டவர்கள் கலிபோர்னியாவில் தங்கள் தோட்டத்திலேயே கூலிக்கு நின்றார்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் கடை ஒப்பந்தத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். புரியாத வரி இருந்தால், புரிந்தவரிடம் நாளையே கேளுங்கள். அதைச் செய்தால் இந்த உரை பலன் தந்துவிட்டது.