கைமாறி வந்த ஒரு நாவலும் எங்கள் மைதானமும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகள் சார்பில் பேசுமாறு சங்கம் கேட்டபோது, சபையினர் நீரிழிவு பற்றியோ குருதி அமுக்கம் பற்றியோ ஒரு விரிவுரையை எதிர்பார்த்திருக்கக்கூடும். நாங்கள் ஒரு நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அமெரிக்காவில் எழுதப்பட்ட, ஓட்டப்பந்தயம் பற்றிய நாவல். பெயர் 'வன்ஸ் எ ரன்னர்'. எழுதியவர் ஜோன் எல். பார்க்கர். புலம்பெயர்ந்து வாழும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அனுப்பிய பிரதி, எங்களுக்குள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், அட்டை கழன்று, இன்று மேசையில் உங்கள் முன் இருக்கிறது.

இந்த நூலின் கதையைச் சொல்லுமுன் இந்த நூலுக்கு நேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். பார்க்கர் புளோரிடாப் பல்கலைக்கழகத்துக்காக மைல் ஓட்டம் ஓடியவர். பின்னர் சட்டம் படித்தவர். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மரதன் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்ற பிராங் ஷோர்ட்டர் போன்றவர்களுடன் சேர்ந்து பயிற்சி செய்தவர். தான் கண்டதை நாவலாக எழுதி, 1978இல் தாமே வெளியிட்டார். ஓட்டப் போட்டிகள் நடக்கும் இடங்களுக்குக் காரில் கொண்டுபோய்ப் பின்பெட்டியைத் திறந்து வைத்து விற்றார். பிரதிகள் தீர்ந்தன. பிறகு நெடுங்காலம் நூல் அச்சில் இல்லை. பயிற்றுவிப்பாளர்கள் மாணவர்களுக்கு இரவல் கொடுத்தார்கள்; மாணவர்கள் திருப்பிக் கொடுக்க மறந்தார்கள். பழைய பிரதி ஒன்று நூறு டொலருக்கு மேல் விலைபோன காலமும் இருந்தது. அச்சில் இல்லாத நூல்களுள் மிக அதிகமாகத் தேடப்பட்டவற்றின் முன்வரிசையில் அது நின்றது. 2009இல்தான் ஒரு பெரிய பதிப்பகம் அதை மீண்டும் வெளியிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த நாவலை உயிரோடு வைத்திருந்தவர்கள் வாசகர்களே.

இது எங்கள் தலைமுறைக்கு நன்றாக விளங்கும். 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான பத்திரிகையை வாசித்தவர்கள். ஒரு புத்தகத்துக்கு ஐந்து பேர் வரிசையில் நின்று, ஒவ்வொருவருக்கும் இரண்டு இரவு என்று பங்கிட்டுப் படித்தோம். கைமாறி வரும் புத்தகத்தை நாங்கள் வேறுவிதமாக வாசிப்போம்.

இனிக் கதைக்கு வருவோம். குவென்டன் காசிடி என்ற பல்கலைக்கழக மாணவன், மைல் ஓட்ட வீரன். நான்கு நிமிடத்தைச் சுற்றியே அவன் வாழ்க்கை சுழல்கிறது. விளையாட்டு வீரர்களின் உடை, தலைமுடி பற்றி நிர்வாகம் போட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்து மனு ஒன்றை முன்னின்று கொடுத்ததால் அவனை அணியிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற மூத்த வீரர் புரூஸ் டென்ரன் அவனைக் காட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு வீட்டில் தங்கிப் பயிற்சி செய்யச் சொல்கிறார். படிப்பு, காதல், நண்பர் கூட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவன் அங்கே போகிறான். கடைசியில் நியூசிலாந்தின் ஜோன் வோல்ரன் என்ற உலகின் முதல்தர வீரனுடன் ஓட, வேறொருவன் பெயரில் மைதானத்துக்குள் வருகிறான். 1975இல் ஒரு மைலை 3 நிமிடம் 49.4 செக்கனில் ஓடிய நியூசிலாந்தின் ஜோன் வோக்கரை அந்தப் பாத்திரம் நினைவூட்டும். முடிவை நாங்கள் சொல்லப்போவதில்லை. இரவல் வாங்கப் போகிறவர்களுக்கு அது அநியாயம்.

இந்த நாவலில் எங்களை உட்கார்த்தி வைத்தது அந்தக் கடைசிப் போட்டி அல்ல. ஓட்டத்தின் இரகசியம் என்னவென்று எல்லோரும் காசிடியிடமும் டென்ரனிடமும் கேட்கிறார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன சப்பாத்து, என்ன மூச்சுப் பயிற்சி? அப்படி ஒரு இரகசியமே இல்லை என்பதுதான் நாவல் முழுவதும் வரும் பதில். நேற்று ஓடியதை இன்றும் ஓட வேண்டும். மழை பெய்தாலும், ஒருவரும் பார்க்காவிட்டாலும் ஓட வேண்டும்.

உடற்றொழிலியல் படித்தவர்களாக நாங்கள் இதற்குச் சாட்சி சொல்லலாம். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும் ஒருவரின் இதய அறை பெரிதாகிறது. ஒரு துடிப்பில் கூடுதல் குருதி வெளியேறுகிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு எழுபது தடவை துடித்த இதயம் ஐம்பது தடவை துடித்தாலே போதுமென்று ஆகிறது. தசைகளுக்குள் புதிய மயிர்த்துளைக் குழாய்கள் உருவாகின்றன. தசைக் கலங்களில் சக்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகள் பெருகுகின்றன. இவை எவையும் ஒரு நாளில் நடப்பதில்லை. போட்டிக்கு முந்திய வாரம் மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றினாலும் நடப்பதில்லை. நிறுத்திவிட்டால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கிவிடும். பாடம் படிப்பதும் இப்படித்தான் என்று எங்கள் ஆசிரியர்கள் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அவர்கள் சொன்னது உடற்றொழிலியல்.

ஆனால் அன்புத் தங்கைகளே, இந்த நாவலை உங்கள் கையில் கொடுக்கும்போது வைத்தியர்கள் என்ற முறையில் இரண்டு விடயங்களைச் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, ஓய்வு. நாவலின் மிகப் பேர்போன இடம் காசிடி ஒரே நாளில் அறுபது தடவை கால் மைல் ஓடும் இடம். கூட்டிப் பார்த்தால் பதினைந்து மைல், ஏறத்தாழ 24 கிலோமீற்றர், அதுவும் வேகமாக. வாசிக்கும்போது எங்கள் நெஞ்சும் படபடத்தது. அது இலக்கியம், அதைப் பயிற்சி அட்டவணையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிஜத்தில் நான்கு நிமிட மைலை முதலில் ஓடி முடித்தவர் எங்கள் துறைக்காரர். 1954 மே 6ஆம் திகதி ஒக்ஸ்போர்ட்டில் 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடிய ரொஜர் பனிஸ்ரர் அப்போது மருத்துவ மாணவர். பின்னர் நரம்பியல் நிபுணரானவர். மதிய இடைவேளையில்தான் அவருடைய பயிற்சி. பத்துத் தடவை கால் மைல், ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு நிமிட ஓய்வு. அந்த ஆண்டு சித்திரை மாதத்தில் அவர் ஒரு சுற்றுக்கு 61 செக்கனில் சிக்கிக்கொண்டார். எவ்வளவு முயன்றும் அதற்குக் கீழே போக முடியவில்லை. பயிற்சியை நிறுத்திவிட்டு நண்பருடன் ஸ்கொட்லாந்துக்கு மலையேறப் போனார். சில நாள்களில் திரும்பி வந்து ஓடியபோது 59 செக்கன். உடல் வலுப்பெறுவது ஓடும்போதல்ல, ஓடிவிட்டு ஆறும்போது. சோதனைக்கு முதல் நாள் விடிய விடியப் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நாவலில் இல்லாதவர்கள். அந்த ஓடுபாதையில் ஓடுபவர்கள் ஆண்கள். அது எழுதப்பட்ட காலத்தின் நிலை அது. 1928இல் ஆம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். ஜேர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்ததைப் பெரிதுபடுத்திப் பத்திரிகைகள் எழுதின. களைப்பது பெண்ணுக்கு ஆகாது என்று அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960இல். பெண்களுக்கான 1500 மீற்றர் 1972இல் வந்தது, மரதன் 1984இல். பனிஸ்ரர் ஓடி 23 நாள்கள் கழித்து, பேர்மிங்ஹாமில் டயான் லெதர் என்ற பெண் உலகிலேயே முதன்முதலாக ஐந்து நிமிடத்துக்குள் மைலை ஓடினார்: 4 நிமிடம் 59.6 செக்கன். பெண்களின் மைலுக்கு உலக சாதனைப் பதிவே அப்போது இருக்கவில்லை. பனிஸ்ரரை எல்லோருக்கும் தெரியும். டயான் லெதரின் பெயரை இந்தச் சபையில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 2023இல் கென்யாவின் பெய்த் கிப்யெகொன், ஒரு பிள்ளையின் தாய், மைலை 4 நிமிடம் 7.64 செக்கனில் ஓடியிருக்கிறார்.

பெண் களைத்தால் ஆகாது என்ற எண்ணம் இன்னும் போய்விடவில்லை. எங்கள் கிளினிக்கில் அதன் இரண்டு முகங்களையும் பார்க்கிறோம். ஒரு முகம், பெரியபிள்ளையானதும் ஓட்டத்தை நிறுத்திவிடும் சிறுமி. ஆறாம் வகுப்பில் இல்லத்துக்காகப் பறந்தவள், பத்தாம் வகுப்பில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள். வெயிலில் கறுத்துவிடுவாய் என்று வீட்டில் சொல்கிறார்கள்; ரியூசனுக்கு நேரமாகிறது என்றும் சொல்கிறார்கள். மாதவிடாய் நாள்களில் ஓடலாமா என்று கேட்க அவளுக்கு ஆளில்லை. ஓடலாம். உடல் இடம் தந்தால் ஓடலாம்.

மறுமுகம் இன்னும் கவலைக்குரியது. நன்றாக ஓடும் பிள்ளை, மெலிந்தால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று நினைத்து இரவுச் சாப்பாட்டை விடுகிறாள். சில மாதங்களில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதைத் தொல்லை விட்டதென்றும் கடும் பயிற்சியின் அடையாளமென்றும் எடுத்துக்கொள்கிறாள். தாய்க்கும் சொல்வதில்லை. அது உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது உடல் முதலில் மூடும் கதவு அது. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்த நிலைக்கு ஒரு பெயரும் கொடுத்து, பயிற்றுவிப்பாளர்களுக்கு அறிவுறுத்தலும் வெளியிட்டது. எலும்பில் கல்சியம் சேரும் மிக முக்கியமான வயது இந்தப் பள்ளிக்கூட வயது. அப்போது இழப்பதை நாற்பது வயதில் மாத்திரையால் முழுவதும் மீட்க முடியாது. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் வைத்தியரிடம் வாருங்கள். ஓட்டத்தை விடச் சொல்வார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம்.

குருதிச்சோகையையும் சொல்ல வேண்டும். உங்கள் வயதில் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது குருதிச்சோகை. ஒட்சிசனைச் சுமக்க ஆளில்லாமல் எந்தத் தசையும் ஓடாது. சோம்பேறி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குக் குறைந்திருந்தது இரும்புச்சத்துத்தான். கீரையும் பருப்பும் மீனும் முட்டையும் சாப்பிடுங்கள். சோற்றுக்குத் தேசிக்காய்ப்புளி விடுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பதைத் தள்ளிப் போடுங்கள். பெரியபிள்ளையான பேத்திக்கு உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்த எங்கள் ஆச்சிமாருக்கு, வளரும் பெண்ணுக்கு நிறையச் சாப்பாடு வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அந்தப் பிள்ளை ஓடவும் வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.

சங்கத்திடமும் பாடசாலையிடமும் எங்கள் வேண்டுகோள் சிறியது. நூற்றாண்டு நிதியில் புதிய கட்டடங்கள் எழும்பும்போது மைதானத்தின் ஒரு அடியையும் தொட வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலைகளாவது, பரிசு வாங்குபவர்களுக்கு மட்டுமின்றி, கடைசியாக வரும் பிள்ளைக்கும் அந்த மைதானம் திறந்திருக்கட்டும். உடற்கல்வி ஆசிரியைக்குத் துணையாக, பருவத்துக்கு ஒரு தடவை வந்து பிள்ளைகளைப் பரிசோதித்து அவர்களுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்ல, வைத்தியர்களான நாங்கள் முறை வைத்து வருகிறோம். இதை இச்சபையில் வாக்காகவே தருகிறோம்.

இந்தப் பிரதியை இன்று நூலகப் பொறுப்பாசிரியையிடம் ஒப்படைக்கிறோம். அட்டையை ஒட்டித்தான் தர நினைத்தோம். பிறகு அப்படியே விட்டுவிட்டோம். ஆங்கிலம் கடினமாக இருந்தால் அகராதியோடு படியுங்கள். இரண்டு பேர் சேர்ந்து படியுங்கள். இரண்டு கிழமைக்குள் திருப்பிக் கொடுங்கள். அடுத்தவள் காத்திருப்பாள்.