தொழிலைத் தேர்வது யார்?



வாழவந்தியில் மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர்களிடம் திறன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திறன் பயிற்சி வேண்டாம் என்றும் நான் சொல்ல வரவில்லை. எந்தத் தொழிலைக் கற்பது என்பதைத் தீர்மானிப்பது நாமா, நம் பிறப்பா? இதுதான் கேள்வி.

1953இல் இராஜாஜி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளியை நாளுக்கு மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது.

2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் வந்தது. முடிதிருத்துதல், சலவை, செருப்புத் தைத்தல் உட்பட 18 தொழில்கள். 18 வயதானால் போதும். ஆனால் குடும்பவழித் தொழிலாக இருக்க வேண்டும். சில நாள் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய், பிறகு கடன். கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளையை அப்பாவின் தொழிலுக்கே திருப்பும் ஏற்பாடு இது.

குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்குங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. குலம் கேட்காத கலைஞர் கைவினைத் திட்டம் அப்படித்தான் பிறந்தது.

மலையாளிப் பழங்குடிப் பெண் வெல்டராவதா, மருத்துவராவதா என்பதை அவளே சொல்லட்டும். ஐடிஐ இடம், விடுதி, பேருந்து தருவதே அரசின் வேலை. அப்பாவின் தொழிலை விசாரிப்பது அல்ல.