சிறு தொழிலில் ஆதாயம் பெருக வழி
(நாகூர் வட்டாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)



ஆதாயம் பெருக வேண்டுமானால் வியாபாரம் பெருக வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. கையில் உள்ள பண்டம் கெடாமல் இருந்தால், வியாபாரத்தைப் பெருக்காமலே ஆதாயத்தைப் பெருக்கலாம். இதனை விளக்க நாம் தேடி அலைய வேண்டுவதில்லை. வெட்டாறு கடலோடு கலக்கும் இந்த நாகூர்க் கரையில் நம் சகோதரிகள் செய்துவரும் கருவாட்டுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். விலை நாளுக்கு நாள் மாறும். ஆகவே பின்வரும் தொகைகளை ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் கொள்க. ஒரு சகோதரி 100 கிலோ மீனைக் கிலோ 50 ரூபாய் வீதம் 5,000 ரூபாய்க்கு ஏலம் எடுக்கிறார். உப்பு, பனிக்கட்டி, வண்டி, வட்டி ஆகியவற்றுக்கு 2,000 ரூபாய். ஆக முதல் 7,000 ரூபாய். காய்ந்தபின் 35 கிலோ கருவாடு கிடைக்கிறது. அதில் 5 கிலோ புழுவாலும் பூசணத்தாலும் வீணாகிறது. மீதி 30 கிலோவைக் கிலோ 250 ரூபாய்க்கு விற்றால் 7,500 ரூபாய். “ஐந்நூறு மிச்சம்” என்று அவர் மகிழ்கிறார்.

ஆனால் அவரும் அவர் மகளும் இரண்டு நாள் வெயிலில் பாடுபட்டார்களே, அதற்குக் கூலி எங்கே? ஆளுக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் என்றால் 1,600 ரூபாய். அதையும் சேர்த்தால் 1,100 ரூபாய் நஷ்டம்! தம் உழைப்பைக் கணக்கில் எழுதாததால் நஷ்டம் கண்ணுக்குப் புலப்படவில்லை. உழவர்களாகிய நாமும் இதே பிழையைத்தானே செய்கிறோம்? வீட்டாரின் உழைப்பை எழுதாமல் குறுவையில் இலாபம் கண்டதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இனி, வீணான அந்த 5 கிலோவைக் காப்பாற்றும் வழியைக் காண்போம். மணலில் பரப்பிய மீனில் மண் ஒட்டும், நாயும் காக்கையும் வாய் வைக்கும், அடிப்பக்கம் காயாது. மூன்றடி உயரத்தில் மூங்கில் பரண் கட்டி, அதன்மீது பழைய வலையை இழுத்துக் கட்டினால், காற்று மேலும் கீழும் வீசி மீன் விரைவில் காயும். குடல் நீக்கி, நல்ல நீரில் கழுவிய பிறகே உப்பிட வேண்டும். பெரிய மீனாயின் நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பொதுவான அளவு. வேதாரணியத்து உப்பு நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஆகவே ஒருமுறை பயன்பட்ட அழுக்கு உப்பையே மீண்டும் இடுவானேன்? கருவாட்டில் செந்நிறம் பூப்பதற்கு அழுக்கு உப்பும் ஒரு காரணம். ஈயை விரட்டப் பூச்சிமருந்து தெளிப்பதோ பெரும் பாவம். அது உண்பவர் வயிற்றுக்குள் செல்லும் நஞ்சு.

பரணுக்கு ஆகும் செலவைப் பல நடைகளுக்குப் பங்கிட்டு, நடைக்கு 150 ரூபாய் என வைப்போம். 35 கிலோவும் விலைபோனால் 8,750 ரூபாய். செலவு 7,150 போக 1,600 மிஞ்சுகிறது; உழைப்புக்குக் கூலி கிடைத்துவிட்டது. மண்ணில்லாத சுத்தமான சரக்கு என்று கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் வரும் 700 ரூபாயே மெய்யான ஆதாயம். மீன் ஒரு கிலோகூட அதிகம் வாங்கவில்லை என்பதை நினைவிற் கொள்க.

அடுத்தது, விற்கும் காலம். நம் கிழக்குக் கரையில் 2017 முதல் வழக்கமாக ஆண்டுதோறும் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. பச்சை மீன் அருகும் அந்நாட்களில் கருவாட்டை நாடுவோர் மிகுவர். நன்றாகக் காய்ந்த சரக்கை ஈரம் புகாமல் கட்டி வைத்தவருக்கே அந்த விலை கிட்டும். நாகூர்க் கந்தூரி விழாவோ பிறைக் கணக்கின்படி ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னதாக வருகிறது. சென்ற ஆண்டின் தேதியை நம்பியிருந்தால் சரக்குச் சேர்க்கும் காலம் தவறிவிடும்.

சரக்கைப் பொறுத்து விற்க வேண்டுமானால் முன்பணக் கட்டு இருத்தலாகாது. வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர் அவர் சொன்ன விலைக்கே, அவர் சொன்ன நாளிலேயே கொடுத்தாக வேண்டும். 1989-ஆம் ஆண்டு தருமபுரியில் தொடங்கி நம் மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இக்கட்டை அவிழ்க்க உதவும். குழுவின் கடனைக் கலியாணச் செலவில் கரைக்காமல், சரக்கை இருப்பு வைக்கும் முதலாகப் பயன்படுத்துதல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களே! கரையோர ஊர்களில் பொதுப் பரண்கள், நல்ல தண்ணீர்க் குழாய், ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை ஆகியவற்றை அமைக்க முன்வாருங்கள். உள்ளூர்களில் நெல் காயவைக்கக் களம் அமையுங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்தின் வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. களமில்லாத உழவர் ஈர நெல்லோடு காத்துக் கிடப்பதை நாம் அறிவோம். கருவாடாயினும் நெல்லாயினும் நீதி ஒன்றே.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாங்கியது, விற்றது, வீணானது, உழைத்தது என நான்கு பத்திகள் கோடிடுங்கள். மூன்று மாதம் விடாது எழுதினால், ஆதாயம் எங்கே ஒழுகுகிறது என்பதை அந்தப் புத்தகமே சொல்லும். ஒழுகும் இடம் தெரிந்தால் அடைப்பது அரிதன்று.